ஜெயிலர் அசைந்தார்

தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்தே ரத்னாகர் மாத்ரே மராத்திப் படங்களிலும் தொடர்களிலும் கான்ஸ்டபிள், குமாஸ்தா, கல்யாணப் பெண்ணின் சித்தப்பா என்று வந்துபோகிறவர். பெயருள்ள பாத்திரம் ஒன்றுகூட வாய்த்ததில்லை. கோரேகாவ் படப்பிடிப்புத் தளத்தில் அன்று ஒரு தொடரில் அவருக்கு ஜெயிலர் வேஷம். வசனம் கிடையாது. தூக்கிலிடப்படும் நிரபராதியாக நடித்தவர் பாலச்சந்திர தீவேகர். நாடக மேடைக் காலத்துக் கூட்டாளி; ரத்னாகருக்கு வெறும் பாலு.

இயக்குநர் கௌஸ்துப்புக்கு மகன் வயது; இருவரையும் சித்தப்பா முறையில் 'காகா' என்றுதான் கூப்பிடுவான்.

"மாத்ரே காகா, நேத்து மாதிரி நடுவுல தும்மி ஷாட்டைக் கெடுத்துடாதீங்க. என்ன நடந்தாலும் கல்லு மாதிரி நிக்கணும். இன்னிக்கும் கெட்டுதுன்னா வேற ஆளைப் போட்டுருவேன்."

"இவன் நடிச்சாலே கல்லு மாதிரிதான் இருக்கும்," என்றார் பாலு. எல்லோரும் சிரித்தார்கள்.

பாலுவின் சட்டைக்குள் பட்டை கட்டி, முதுகுப் பக்கக் கொக்கியில் மெல்லிய கம்பியை மாட்டினார்கள். உடல் பாரத்தைத் தாங்குவது அந்தக் கம்பிதான். கழுத்துச் சுருக்கு பார்வைக்கு மட்டும்.

கேமரா ஓடியது. பலகை விலகியது. இடுப்புவரை குழிக்குள் இறங்கித் தொங்கினார் பாலு. உடம்பு உதறியது. தொண்டையிலிருந்து ஒரு கரகரப்பு. கௌஸ்துப் கையை உயர்த்தி, யாரும் அசையாதீர்கள் என்று காட்டினான். அவன் கண்கள் மின்னின.

ரத்னாகரும் முதலில் பொறாமையோடுதான் பார்த்தார். என்னமாய்ப் பண்ணுகிறான்! பிறகு பாலுவின் முகம் கேமராவை விட்டு மெல்ல அவர் பக்கம் திரும்பியது. பாலு குண்டு பட்டும், விஷம் குடித்தும், லாரியில் அடிபட்டும் செத்திருக்கிறார். ஒருமுறைகூடக் கேமராவுக்கு முகத்தைக் காட்டாமல் செத்ததில்லை.

நடிப்பாகவே இருந்துவிட்டால்? நல்ல ஷாட்டைக் கெடுத்த கிழவன் என்று பேராகிவிடும். இனி எவனும் கூப்பிட மாட்டான். பாலுவின் உதறல் தளர்ந்தது.

ரத்னாகர் பாய்ந்தார். பாலுவின் அக்குளில் கைகொடுத்து மேலே தூக்கினார்.

"கட்! மாத்ரே, பைத்தியமா உங்களுக்கு?"

"கத்தியைக் கொண்டாங்கடா! கொக்கி கழண்டிருக்கு, செத்துடுவான்!"

கயிற்றை அறுத்தார்கள். பாலு பலகைமேல் கிடந்து இருமினார். கழுத்தைச் சுற்றிக் கருஞ்சிவப்பாய் ஒரு தடம்.

ஆஸ்பத்திரிக்கு வந்த கௌஸ்துப் கட்டிலோரம் தலைகுனிந்து நின்றான். "தப்பு எங்களுதுதான், காகா. உடம்பு தேறினதும் ஒரே ஒரு ஷாட் மட்டும்..."

"இன்னொரு தரம் கயித்துல கழுத்தை நீட்ட மாட்டேன்." பாலுவுக்குக் குரலுக்குப் பதில் காற்றுதான் வந்தது. "எடுத்ததையே வச்சுக்கோ."

"அதுல ஜெயிலர் ஓடிவந்து தூக்குறாரே!"

"அப்போ கதையை மாத்து."

மாற்றினார்கள். நிரபராதி சாவதைப் பார்க்கமாட்டாமல் சட்டத்தை மீறிய ஜெயிலருக்குப் பெயர் வந்தது, மனைவி வந்தாள், நீதிமன்றத்தில் பக்கம் பக்கமாக வசனம் வந்தது. தாதர் மீன் சந்தையில் ஜனங்கள் ரத்னாகரை நிறுத்திப் பேசினார்கள். பாலுவின் குரல் மட்டும் திரும்பவில்லை. மீதிக் காட்சிகளுக்கு வேறொருவர் குரல் கொடுத்தார். அதன்பின் பாலுவுக்கு வேலையும் வரவில்லை.

அடுத்த தொடரில் ரத்னாகருக்கு முக்கிய வேஷம். அதில் வரும் ஊமை அண்ணனுக்குப் பாலுவைப் போடச் சொன்னார்.

"பிச்சை போடுறியாடா?" என்று போனை வைத்த பாலு பிறகு எடுக்கவே இல்லை.

படப்பிடிப்பன்று காலையில் பார்த்தால், ரத்னாகரின் ஒப்பனை அறையில் பாலு வடாபாவ் தின்றுகொண்டிருந்தார்.

"நான் ஊமைன்னா மொத்த வசனமும் உன் தலையிலதான். உளறித் தொலைப்பே. எங்கே, சொல்லிக் காட்டு," என்று கரகரத்தார்.