சிட்டம்மாள் மாட்டுப் பால்

பால்மாவை நேராகக் கொதிநீரில் கொட்டக் கூடாது. கொட்டினால் ஒவ்வொரு கட்டியும் மேலே தோல் போட்டுக்கொண்டு உள்ளே காய்ந்த மாவாகவே நின்றுவிடும். முதலில் ஒரு பிடி மாவு, அதன்மேல் கை பொறுக்கும் சூட்டில் இரண்டு கரண்டித் தண்ணீர். விரலால் குழைத்துக் களிம்பு போல் வந்த பிறகுதான் மீதித் தண்ணீர். பாக்கியமேரி அப்படிக் கரைத்ததை மண்பானையில் ஊற்றி வரட்டி அடுப்பின் மேல் வைத்தாள். பானையின் வாயை மூடவில்லை. புகை சுருண்டு உள்ளே இறங்கட்டும் என்று விட்டாள். ஊர் மாட்டுப் பாலில் எப்போதும் கொஞ்சம் புகை வாசனை இருக்கும்.

பாலாடையை மட்டும் அவளால் உண்டாக்க முடியவில்லை. கொழுப்பை எடுத்துவிட்டுத்தான் அமெரிக்காவில் மாவாக்குகிறார்கள். எவ்வளவு காய்ச்சினாலும் மேலே படியாது. அப்பா கேட்டால், “ஆடைய எடுத்துட்டேன்” என்று சொல்லத் தயாராக இருந்தாள். அவர் கேட்கவில்லை.

“மேரி, பால் ஆச்சா?” உள்ளறையிலிருந்து ஐசக்கின் குரல் வந்தது. “சிட்டம்மா மாடு இன்னிக்கும் கறந்துச்சா?”

“கறந்துச்சி நைனா.”

“நல்ல மாடு. இந்தப் பனியிலயும் கொறைக்காம குடுக்குதே.”

சிட்டம்மாளின் மாடு பால் வற்றி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. காலனியில் வேறு கறவை கிடையாது. படுக்கையில் கிடந்த அப்பாவின் வயிறோ பாலைத் தவிர எதையும் ஏற்பதில்லை. செங்கல்பட்டில் கணவனை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த பாக்கியமேரி, பக்கத்து வீட்டு எல்லம்மாளிடம் கேட்டு வாங்கினாள். மிஷன் பங்களாவில் கொடுத்த பால்மாவு அது. அதை அடுக்குப் பானையில், கேழ்வரகுப் பானைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

ஒளிக்க வேண்டியிருந்தது. கப்பலில் வந்த கோதுமையும் பால்மாவும் சர்ச் வாசலில் முதன்முதலாக இறங்கிய வருஷம், ஐசக் டீக்கடை வாசலில் பத்துப் பேர் முன்னால் சொல்லியிருந்தார்: “அந்தச் சாமான்ல ஒரு பிடி என் வாயில போச்சின்னா, நான் சாமி கும்புட்டதே பொய்யி.”

அவர் மதம் மாறியது அதற்கு வெகு காலம் முன்னால். இளவயதில் மதராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கும்போது முனிரத்தினமாக இருந்தவர் ஐசக் ஆனார். சொந்த ஊரான காவாந்தண்டலத்துக்குத் திரும்பி வந்து அறுவடைக் கூலிக்குப் போனார். ஊரார், “பால்மாவுக்கு மாறினவங்க” என்று காலனிக் கிறிஸ்தவர்களை மொத்தமாகச் சொல்லத் தொடங்கியபோது, அந்தச் சொல் தன் மேல் ஒட்டக் கூடாது என்று நினைத்தார். அது மட்டும் காரணமில்லை. அவருக்கு இதில் ஒரு கணக்கு இருந்தது.

அந்தக் கணக்கை அன்று காலையும் சொன்னார். அறுவடைக்குப் போகிற வழியில் அவர் தம்பி வேதகிரி கதிர் அரிவாளோடு உள்ளே வந்து தலைமாட்டில் குந்தினார். வேதகிரி மதம் மாறாதவர். இருபது வருஷமாக அண்ணனோடு வாதாடாத நாள் குறைவு.

“இன்னா அண்ணாத்தே, ரெட்டைக் காளைக்கா, சூரியனுக்கா?”

“எலெக்சன் அன்னிக்கு நடக்க முடிஞ்சா சொல்றேன்.”

“நடக்க முடியலன்னா தூக்கிக்கினு போறேன். சூரியன்ல குத்து.”

“தூக்கறது நீ. குத்தறது நானு.”

வேதகிரி சிரித்தார். “மெட்ராஸ்ல இன்னொரு கோதுமைக் கப்பல் வந்து நிக்குதாமே. டீக்கடையில பேப்பர் படிச்சாங்க.”

ஐசக் பால் குவளையைக் கீழே வைக்கச் சொல்லி மகளுக்குக் கை காட்டினார். கப்பல் என்றால் அவருக்குத் தெம்பு வந்துவிடும்.

“இத்தப் பாரு வேதா. நட்டு நாலு நாள் ஆன வயலு. நாத்து இன்னும் வேர் புடிக்கல. அப்போ ஏரி மதகை முழுசாத் தொறந்து வுட்டா இன்னா ஆவும்?”

“மெதந்து பூடும்.”

“தண்ணி கெட்டதா?”

“நல்ல தண்ணி தான்.”

“அதான். கோதுமையும் நல்லதுதான். ஓசியில வந்து கொட்டினா இங்க கேவுரு வெல எறங்கும். வெல எறங்கினா ஆண்டை இன்னா பண்ணுவான்? மொதல்ல நம்ம கூலியில கைய வெப்பான். சைக்கிளப் பாத்தியா? சீமை சைக்கிள நிறுத்தினாங்க. நம்ம ஆளு செய்ற சைக்கிளு மொதல்ல செயின் அறுந்துச்சி. இப்ப அறுந்து போவுதா? வேர் புடிக்கற வரைக்கும் மதகை அளந்து தான் தொறக்கணும்.”

“வேர் புடிக்கற வரைக்கும் நம்ம ஜனம் எத்தைத் துண்ணும்?”

ஐசக் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டார்.

“அத்தை யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல,” என்றார். “நீ பெரிய கட்சிக்காரன், நீ சொல்லு.”

“இன்னும் அந்தப் பால்...” என்று தொடங்கிய வேதகிரி, குவளையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். “பஸ்ஸு பத்திச் சொல்லுவியே, அத்தைச் சொல்லு. மேரி கேக்கட்டும்.”

“அதுக்கு இன்னா. நான் உக்காந்த மொதல் சர்ச்சு பஸ்ஸு தான். டிக்கெட் வாங்கினவன் பக்கத்துல டிக்கெட் வாங்கினவன். எவனும் எழுந்திரின்னு சொல்லல.” மூச்சு வாங்கியது. “சட்டத்துல நம்மளை அரிசன் இல்லன்னு எழுதிட்டாங்க, வேதத்துல சேந்ததுக்கு. டீக்கடையில நம்மளுக்குன்னு தனியா வெச்ச கிளாசுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரல.”

வேதகிரி சிரித்துக்கொண்டே எழுந்து போனார். பாக்கியமேரி அப்பாவின் தலையைத் தூக்கிப் பிடித்துக் குவளையை வாயில் வைத்தாள். நான்கு மடக்கு குடித்தார். போதும் என்று கண்ணால் சொன்னார். “பொகை வாசனை நல்லா கீது,” என்றார்.

அவள் குவளையைக் கழுவிவிட்டு வந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து அடுப்புச் சாம்பலை அள்ளினாள். பிறகு போர்வையைச் சரிசெய்யக் குனிந்தபோதுதான் மார்பு ஏறி இறங்காதது தெரிந்தது. நைனா என்று இரண்டு முறை கூப்பிட்டாள். உதட்டோரத்தில் வெள்ளையாக ஒரு கோடு காய்ந்திருந்தது. முந்தானையை நனைத்து முதலில் அதைத் துடைத்தாள். அதற்குப் பிறகே வாசலுக்கு வந்து அழுதாள்.

வெயில் ஏறுவதற்குள் வயலில் இருந்தவர்கள் வந்துவிட்டார்கள். ஞாயிறுதோறும் ஜெபம் நடத்தும் உபதேசியார் சாமுவேல் சைக்கிளில் வந்து, பெட்டி செய்ய ஆள் அனுப்பினார். தாமலிலிருந்து பாக்கியமேரியின் தாய்மாமன் முத்துவேல் வந்தார். எந்தச் சாவு வீட்டிலும் உட்கார்ந்து வம்பு பேசுகிற மனிதர்.

வேதகிரி அழவில்லை. வேலை செய்துகொண்டே இருந்தார். பந்தல் கால் நட்டார், தண்ணீர் சுமந்தார். பிறகு நேராக அடுப்பங்கரைக்குள் போனார்.

“சித்தப்பா, இன்னா வேணும்?”

“அரிசி. ஒரு பிடி. எங்க அண்ணனுக்கு வாய்க்கரிசி போடணும்.”

இறந்தவர் வாயில் உறவினர்கள் அரிசி போட்டு அனுப்புவது மதம் மாறாதவர்கள் வழக்கம். கிறிஸ்தவர்களுக்கு அது கிடையாது. பாக்கியமேரி அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் வேதகிரி அடுக்குப் பானையில் மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினார். உப்பு. புளி. கேழ்வரகு. அதற்கும் கீழே இருந்த பானைக்குள் பார்க்காமலே கையை விட்டார்.

அவர் கை நின்றது. வெளியே எடுத்தபோது ஐந்து விரலும் வெள்ளையாக இருந்தன. அரிசிமாவைவிட மெல்லிய மாவு. மோந்து பார்த்தார்.

“சித்தப்பா...”

அவர் பானைகளைத் திரும்ப அடுக்கினார். அதே வரிசையில். அவள் கும்பிடுவது போலக் கைகளைச் சேர்த்தாள், அதை அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. வாசலுக்குப் போய்விட்டார். கதவுக்குப் பின்னால் நின்று அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். இனி அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நைனா கும்பிட்டதே பொய் என்று இந்தப் பந்தலிலேயே முடிவாகிவிடும். அந்தப் பொய்யைச் செய்தவள் அவள். சுமக்கப் போகிறவர் நைனா.

“இன்னாய்யா, கையெல்லாம் வெள்ளை?” முத்துவேலின் குரல்.

“அரிசிமாவு.”

“நான் இன்னாவோ நெனச்சேன். மச்சானும் ஒரு காலத்துல எதுக்கும் அசையாத ஆளுதான். ஆனா வயிறுன்னு ஒண்ணு கீதே. கடைசியில சர்ச்சு மாவைக் கரைச்சிக் குடிச்சிதான் இத்தினி நாள் ஓட்டியிருப்பாரு. இல்லாங்காட்டி பால் ஏது இந்தக் காலனியில?”

யாரோ சிரித்தார்கள். உபதேசியார், “இப்ப எதுக்கு அந்தப் பேச்சு,” என்றார். அவரும் இல்லை என்று சொல்லவில்லை.

“முத்துவேலு,” என்றார் வேதகிரி. சத்தம் போடவில்லை. “எங்க அண்ணன்கிட்ட இருபது வருசம் நான் சண்டை போட்டவன். அந்த ஆளு தப்பு பண்ணியிருந்தா மொதல்ல சொல்றவன் நானு. ஒரு பிடி வாங்கல. சிட்டம்மா மாட்டுப் பாலு தான் குடிச்சாரு. காலையில நான் பாத்தேன்.”

“அந்த மாடு...” என்று முத்துவேல் இழுத்தார்.

“தாமல்ல குந்திக்கினு எங்க ஊரு மாட்டைக் கறக்காத. எழுந்து பெட்டிய ஒரு கை புடி.”

பேச்சு அதோடு நின்றது. பிறகு வேதகிரி உபதேசியாரிடம் போய், “அரிசி போடக்கூடாதுங்களா?” என்று கேட்டார். உபதேசியார் மெதுவாகத் தலையை ஆட்டினார். “மண்ணு போடலாம் வேதகிரி. மூணு பிடி. நீ தான் மொதல்ல போடணும்.”

மாலை வெயிலில் ஐசக்கைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள். மற்றவர்கள் ஆமென் சொல்லும்போதெல்லாம் வேதகிரி ஒரு நொடி பிந்திச் சொன்னார். மண் போட்டார். எல்லோரும் கலைந்ததும், சாவுக்குப் போனவர் முழுகித்தானே வீட்டுக்குள் வர வேண்டும் என்று ஏரிக்கரைப் பக்கம் நடந்தார். பாக்கியமேரிக்கு அந்த விதி இல்லை. இருந்தாலும் பின்னால் போனாள்.

அவர் துண்டைக் கட்டிக்கொண்டு முழுகி எழும்வரை கரையில் நின்றாள். வேட்டியை அலசிக்கொண்டு படியேறி வந்தார்.

“சித்தப்பா, மாவு நான்தான் வாங்கினேன். நைனாவுக்குத் தெரியாது.”

“தெரியும்.”

அவள் அவரையே பார்த்தாள்.

“சிட்டம்மா மாட்டைக் காளைகிட்ட ஓட்டிக்கினு போனது யாரு? உங்க நைனா தான். படுக்கையில வுழறதுக்கு முன்ன. இந்த மாசி வந்தா செனைக்கு எட்டு மாசம். கன்னு போடறதுக்கு ரெண்டு மாசம் முன்னயே மாடு பாலை நிறுத்திக்கும், அத்தை அவருக்கு நீ சொல்லணுமா? வேற எந்த மாட்டைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பாரு.”

“எப்போ சொன்னாரு?”

“பொங்கலாண்ட. நீ தண்ணிக்குப் போயிருந்த. ‘வேதா, என் பொண்ணு அமெரிக்கா மாட்டைக் கொண்டாந்து சிட்டம்மா கொட்டாயில கட்டிட்டா’ன்னு சிரிக்கறாரு. ‘நீ கெலிச்ச’ன்னாரு.” வேதகிரி வேட்டியை உதறினார். “இருபது வருசத்துல அந்த வார்த்தை அவரு வாயில வந்தது இல்ல. கேக்கவும் நல்லா இல்ல.”

“வேணாம்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“அத்தைத்தான் நானும் கேட்டேன். ‘பொகை காட்டி எடுத்தாறா, எப்பிடி வேணாம்ங்கறது’ன்னாரு. ‘டீக்கடையில சத்தியம் பண்ணியே அண்ணாத்தே, சாமி கும்புட்டது பொய்யாப் பூடுமே’ன்னேன்.”

“அதுக்கு?”

“‘அத்தை நான் அவருகிட்டப் பேசிக்கிறேன்’ன்னாரு.”

ஏரியில் நீர்க்கோழி ஒன்று முழுகி வேறிடத்தில் எழுந்தது. வேதகிரி ஈரவேட்டியின் ஒரு முனையை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். அவர் வலப்பக்கம் முறுக்க, அவள் இடப்பக்கம் முறுக்கினாள். தண்ணீர் நடுவிலிருந்து கொட்டியது.

பிறகு வேட்டியை விரித்து, ஆளுக்கு ஒரு தலைப்பைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி, காற்றுக்குக் காயவிட்டுக்கொண்டே, அவர் முன்னும் அவள் பின்னுமாகக் கரைமேல் நடந்தார்கள்.