புதுச் சுங்கானைப் பழக்கிய விதம்

சுங்கானுக்குள் போட்ட நெருப்புத்துண்டு அணைவதற்குப் பதிலாக எரியத் தொடங்கியது. சபுரா ஒரு கணம் திகைத்தாள். பிறகு அதைத் தூக்கி, பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். புஸ்ஸென்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தபோது வெளியே தேன் நிறத்தில் பளபளத்த மரம் ஒரு பக்கம் கொப்பளித்திருந்தது. உள்ளே விரலை விட்டால் நகத்தோடு கரி பெயர்ந்து வந்தது.

அது அவளுடைய அண்ணன் அஷ்ரப் பாரிசிலிருந்து புதிதாக வாங்கிவந்த, புகையிலை போட்டுப் பிடிக்கும் சுங்கான், பைப். நேற்று ராத்திரி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். புதுசு, அதனால் பச்சை நாற்றம் அடிக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு காட்டிப் பழக்கினால்தான் சரியாக வரும் என்றார். இது என்ன பெரிய வித்தை என்று சபுராவுக்குத் தோன்றியது. புது மண்சட்டி வாங்கினால் அரிசி கழுவின தண்ணீரில் ஊறவைத்து, நல்லெண்ணெய் தடவி, தணலில் காட்டிப் பழக்குவது அவள் சிறு வயது முதல் செய்கிற வேலை. அண்ணன் ஜும்மாவுக்குப் போனதும் கழுநீரில் ஊறவைத்தாள், எண்ணெய் தடவினாள். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்குப் போட்ட கொட்டாங்கச்சி நெருப்பில் ஒரு துண்டை இடுக்கியால் எடுத்து உள்ளே போட்டாள். அண்ணனுக்கு ஆசையாக ஒன்று செய்யப்போய் அது இப்படி முடிந்தது.

மரச்சாமான் போனதற்காக அவள் கலங்கவில்லை. அஷ்ரப் ஒரு சொல் பொறுக்காமல் எழுந்து போகிற மனுஷன். ஒன்பது வருஷத்துக்கு முன், அம்மாவின் நாற்பதாம் நாள் பாத்திஹாவில், மய்யித்தை அடக்கம் செய்தபிறகே வந்து சேர்ந்த அவரைப் பார்த்து சபுராவின் புருஷன் கமருதீன், “ஃப்ளைட்டு லேட்டா மச்சான்?” என்று கேட்டுவிட்டார். நெய்ச்சோற்றில் வைத்த கையைக் கூடக் கழுவாமல் எழுந்து போனவர்தான். அதற்குப்பிறகு போனும் இல்லை, பெருநாள் சலாமும் இல்லை. இப்போது மகள் ஃபர்ஹீனின் நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை. சபுரா ஆள்மேல் ஆள் விட்டுக் கெஞ்சித்தான் அவரைப் பாகூரில் இருக்கும் தன் வீட்டுக்கு வரவழைத்தாள். பிறந்த வீடு என்று சொல்ல அவளுக்கு மிஞ்சியிருப்பது அவர் ஒருவர்தான். சபையில் தாய்மாமன் உட்காரவேண்டிய இடம் காலியாகக் கிடந்தால் சம்பந்தி வீட்டார் கேட்கமாட்டார்களா? அதைவிட, அவளுக்கே தாங்காது.

பள்ளிவாசலிலிருந்து கமருதீன் மட்டும் முதலில் வந்தார். அஷ்ரப் கபரஸ்தானுக்குப் போய் அம்மாவுக்கு துவா செய்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். தவளக்குப்பத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் கமருதீனுக்கு, உலகத்தில் ஸ்க்ரூடிரைவரால் ஆகாத காரியம் கிடையாது. சபுரா நீட்டிய சுங்கானை வாங்கி உள்ளே சுரண்டினார். கரி உதிர உதிரப் பள்ளம் ஆழமாகி, ஓர் இடத்தில் மரம் தாள்போல மெலிந்து நின்றது. அதற்குமேல் சுரண்டப் பயந்து, ஒழுகுகிற தண்ணீர்க் குழாயை அடைக்கும் பசையைப் பிசைந்து பள்ளத்தில் அப்பி, அது இறுகியதும் மேலே கரித்தூளைத் தேய்த்தார். வெளியே கொப்புளத்தைச் சீவி ஷூ பாலிஷ் போட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. தன் கைவேலையைப் பார்த்து அவருக்கே ஒரு பெருமை வந்துவிட்டது.

“வாய மூடிக்கினு இரு. ஞாயித்துக்கெழம முடியட்டும், அப்பாலிக்கு இன்னா வேணா ஆவட்டும்” என்றார்.

சபுராவும் தலையாட்டினாள். பொய் சொல்லவில்லை, சும்மா இருக்கிறோம், அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அஷ்ரப் அழுது சிவந்த கண்ணோடு வந்தார். சாப்பாட்டில் குறை சொல்லவில்லை. தால்ச்சாவை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். கமருதீனைப் பார்த்து, கடை எப்படிப் போகிறது என்று முதன்முறையாக விசாரித்தார். கை கழுவிவிட்டு நாற்காலியில் சாய்ந்து, ஃபர்ஹீனுக்கு ஒரு சங்கிலி கொண்டுவந்திருப்பதாகவும் நிக்காஹ் முடிந்ததும் தானே அதைப் போட்டுவிடப்போவதாகவும் சொன்னார். சபுராவுக்கு நெஞ்சு நிறைந்தது. அப்போதுதான் அவர் கை சுங்கானைத் தேடியது.

புகையிலையை விரலால் அமுக்கி நிரப்பினார். கமருதீன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சபுராவின் கண் அந்தப் பசை இருந்த பக்கத்தை விட்டு நகரவில்லை. போன வருஷம் குக்கர் கைப்பிடியை கமருதீன் இதே பசையால்தான் ஒட்டினார். அடுப்புச் சூட்டில் கிளம்பிய நாற்றத்தில் ஃபர்ஹீன் நாள் முழுக்க வாந்தி எடுத்துக் கிடந்தாள். இங்கே அந்தப் புகையை அண்ணன் நேராக வாயால் இழுக்கப்போகிறார். ஏற்கெனவே நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த ஆள். லைட்டர் சொடுக்கியது. மேலே புகையிலை சிவந்தது.

சபுரா எட்டி அவர் வாயிலிருந்து சுங்கானைப் பிடுங்கினாள்.

“இழுக்காதண்ணே. உள்ள பசை அடிச்சி வெச்சிகீது. நான்தான் நெருப்பப் போட்டு எரிச்சிட்டேன்.”

எல்லாவற்றையும் சொன்னாள். கழுநீர், எண்ணெய், கொட்டாங்கச்சி, எதையும் விடவில்லை. பசையையும் தன் தலையிலேயே போட்டுக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் கமருதீனின் விரலிடுக்கில் பாலிஷ் கறுப்பு அப்படியே இருந்தது. அஷ்ரப் அதைப் பார்த்துவிட்டார். சுங்கானை வாங்கி, புகையிலையைத் தட்டில் கொட்டி, உள்ளே எட்டிப் பார்த்தார்.

“எரிச்சதக் கூட வுடு. பாலிஷ் போட்டு என் கையில குடுக்கறீங்களே, என்ன இன்னான்னு நெனச்சீங்க?” என்றார். குரல் உயரவில்லை. அந்த உயராத குரல் சபுராவுக்குத் தெரியும். அன்றும் அப்படித்தான்.

அவர் எழுந்தார். வாசல் பக்கம் போய் ஷூவில் ஒரு காலை நுழைத்தார். கமருதீன், “மச்சான்” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். உள் அறையிலிருந்து ஃபர்ஹீன் மருதாணிக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

சபுரா அண்ணனைத் தாண்டிப் போய், நிலைப்படியின் குறுக்கே இரு பக்கமும் வழியில்லாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“நீ எந்திரிச்சிப் பூடுவன்ற பயத்துலதான் மறைச்சோம். அன்னைக்கி வழிய வுட்டுட்டு நின்னேன் பாரு, அதுதான் தப்பு. இப்ப போவணும்னா என்னத் தாண்டிப் போ.”

வெளியே அவர் வாடகைக்கு வைத்திருந்த காரின் டிரைவர் அவரைக் கண்டதும் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அஷ்ரப் ஒரு காலில் ஷூவும் மறு காலில் சாக்ஸுமாக, நிலையைப் பிடித்தபடி தங்கையின் தலைக்குமேல் அந்தத் திறந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.