கடைசி வண்டிக்காரர்

கடைசல் வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. கட்டில் காலோ பம்பரமோ, அவள் பட்டறைக்குள் நுழைந்த மரம் உருப்படியாகத்தான் வெளியே வரும். அப்படிப்பட்டவள், செத்துப்போன அப்பாவின் நினைவாக அவருடைய பட்டாளத்து நண்பர்களுக்குக் கொடுக்க, கார் கியர் தண்டின் தலையில் மாட்டும் மரக் குமிழ்களைக் கடைந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்துச் சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"நாலு பேர் மதிக்கிற மாதிரி ஒரு கேடயம் பண்ணிக் கொடேம்மா. இதென்ன, வண்டி சாமான் கடையா வெச்சிருக்கே?"

"கேடயம் அலமாரி மேல தூசி பிடிச்சுக் கிடக்கும் சித்தப்பா. இது தினமும் அவங்க கையில இருக்கும்."

மரமும் லேசுப்பட்டதல்ல. அப்பா ஓட்டிய ராணுவ லாரியைக் கழித்துக்கட்டியபோது, அதன் பின்பக்கப் பலகைகளை மட்டும் அவர் கேட்டு வாங்கி வந்திருந்தார். எண்ணெயும் மண்ணும் ஏறிக் கறுத்த பலகைகள். உளி பட்டதும் உள்ளே தேன் நிறம் தெரிந்தது. அன்று அவள் பட்டறையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

சித்தப்பாவின் ஆத்திரம் வேறு. சண்டை நடந்த காலம் முழுக்க அண்ணன் ஓட்டியது வரிசையில் கடைசி லாரி. கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயரே 'கடைசி வண்டி'.

"சாகிற வரைக்கும் எங்கண்ணனைக் கடைசின்னே கூப்பிட்டானுங்க. அவனுங்களுக்குப் பரிசு ஒரு கேடா?"

அவளுக்கும் அந்தப் பெயர் முள்ளாகத்தான் குத்தியது. அவர்கள் அப்பாவை மதித்தார்களா, இல்லை கேலிதான் செய்தார்களா? கேட்டால் அவர் சிரிப்பார். இப்போது சிரிக்கவும் ஆளில்லை.

அப்பாவின் படத்தை முன்னாள் வீரர் சங்கத்தில் மாட்டும் நாள் வந்தது. கிழவர்கள் காரிலும் வேனிலும் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். சண்டையின்போது வரிசையில் முதல் லாரியை ஓட்டிய மாமா, குமிழை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். விறுவிறுவென்று போய்த் தன் காரின் பழைய குமிழைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார்.

லொடலொடவென்று ஆடியது.

அடுத்தவர் வண்டியிலும் அதே கதை. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா நினைப்பிலேயே இருந்தவள், எல்லாவற்றுக்கும் அவருடைய லாரியின் அளவுக்கே உள்ளே திருகு மரையைப் போட்டுத் தொலைத்திருக்கிறாள்! காரின் தண்டு அதைவிட ஒல்லி.

"நான் அப்பவே சொன்னேன்..." என்று ஆரம்பித்தார் சித்தப்பா.

"யோவ், சும்மா இருய்யா! வண்டி மக்கர் பண்ணினா கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற ஆளுங்களா நாங்க?" என்று அதட்டினார் மாமா.

அவ்வளவுதான், கிழவர்களுக்கு இளமை திரும்பிவிட்டது. ஒருவர் பழைய டியூபை எடுத்து வந்தார். ஒருவர் அதைப் பட்டை பட்டையாக வெட்டினார். மூட்டு வலிக்காரர் மண்டி போட்டுத் தண்டில் சுற்ற, "இன்னும் ஒரு சுத்துடா, மடையா!" என்று பின்னாலிருந்து அதட்டல் வேறு. ரப்பர் மேல் திருகியதும் குமிழ் கப்பென்று பிடித்துக்கொண்டது.

"மன்னிச்சிருங்க மாமா, அளவு கேக்காம விட்டுட்டேன்."

"அட போம்மா! ரிப்பேர் இல்லாம என்னிக்கு நாங்க கிளம்பியிருக்கோம்?"

சங்கத்துக்குக் கிளம்பும் நேரம், அப்பாவின் படத்தோடு அவள் தன் ஜீப்பைக் கொண்டுவந்து எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினாள். இன்றைக்காவது அவர் முதலில் போகட்டும்!

மாமாவின் முகம் மாறியது. "பின்னால போம்மா."

"இன்னிக்குமா மாமா?" "இன்னிக்கும் எங்கப்பா கடைசிதானா?"

"கடைசியில யாரை விடுவாங்கன்னு நினைச்சே? நின்னுபோன வண்டியைக் கிளப்பி, அடிபட்டவனைத் தூக்கிப் போட்டுக்கிட்டு வர்றவனைத்தான் விடுவாங்க. குண்டு விழும்போது முன்னால ஓடறது பெரிய விஷயமில்லம்மா. உங்கப்பன் பின்னால இருக்கான்கிற தைரியத்துலதான் நான் ஓடினேன். இங்க நிக்கிறவனுங்கள்ல பாதிப் பேர் அவன் லாரியில படுத்து வந்தவனுங்க." மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லாரும் வந்தாச்சுன்னு அவன் ஹார்ன் அடிக்காம நான் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்ல. இன்னிக்கும் எடுக்க மாட்டேன். போ."

சித்தப்பா ஜீப்பில் ஏறி, அண்ணன் படத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் ஜீப்பைத் திருப்பி வரிசையின் கோடிக்குக் கொண்டுபோனாள். தெரு நெடுக எஞ்சின்கள் உறுமின. ஒரு வண்டியும் அசையவில்லை. அத்தனை பேரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

"அடிம்மா!" என்றார் சித்தப்பா, குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டே. "ஊருக்கே கேக்கிற மாதிரி அடி!"

அழுத்தினாள். தெருவே அதிர்ந்தது. அங்கே, வெகு முன்னால், முதல் வண்டி நகர்ந்தது.