கிழக்கே கடல்

1974ஆம் வருஷம் ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், சாகர் நகர் முதல் வரிசையில் இருந்த சுப்பிரமணி வீட்டு ஜன்னலை விட்டுக் கடல் கிளம்பி, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்த தனக்கோடி வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குக் குடிபோயிற்று. சுப்பிரமணி பல் விளக்கிக்கொண்டே ஜன்னலைத் திறந்தார். எதிரே சவுக்கு மரங்கள் நின்றன. வாசலில் இறங்கி நடந்தால் கடல் பழைய இடத்தில்தான் இருந்தது, மணலில் வலை காய்ந்தது, நண்டு ஓடியது. உள்ளே வந்து பார்த்தால் மறுபடி சவுக்கு. மூன்று முறை போய்வந்து பார்த்துவிட்டு, வாயைக்கூடச் சரியாகக் கொப்பளிக்காமல் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினார்.

அங்கே அவர் ஒரு வக்கீலிடம் தலைமைக் குமாஸ்தா. ஊரார் பத்திரங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பவர். தன்னுடையதை மட்டும் படிக்கவில்லை. மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவில் மனை போட்டு விற்றபோது, கடல் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்து முன்வரிசை மனையை வாங்கினார். ரிஜிஸ்தர் வைத்தது வெள்ளிக்கிழமை. ஆபீஸ் திறப்பது பத்து மணிக்கு, ராகுகாலம் பிறப்பது பத்தரைக்கு. அதே நாளில் தோப்புக்குப் பின்னால் மனை வாங்கிய தனக்கோடியும் அங்கே நின்றாள். இரண்டு பேரும் அவசரப்படுத்தியதில் பத்திரம் எழுதும் முனிசாமி குழம்பிப்போனார். சுப்பிரமணியின் மனைக்கு நான்கெல்லை எழுதும்போது கிழக்கே சவுக்குத் தோப்பு என்றும், தனக்கோடி மனைக்குக் கிழக்கே கடல் என்றும் மாற்றி எழுதினார். ராகுகாலத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் கையெழுத்தாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் மூவரும் காபி குடித்தார்கள். அரசாங்கக் காகிதம் கடலுக்குப் போய்ச் சேர இரண்டு வருஷம் பிடித்தது, அவ்வளவுதான்.

அந்த இரண்டு வருஷமும் சுப்பிரமணிக்குப் பொற்காலம். சொந்தக்காரர்கள் செங்கல்பட்டிலிருந்து டிபன் கேரியரோடு வந்து, ஜன்னலோரம் வரிசையாக உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டு, கொடுத்து வைத்தவன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடல் போனதும் அவர்களும் நின்றுபோனார்கள். சவுக்கு மரத்தைப் பார்க்க யார் பஸ் ஏறுவார்கள்?

தனக்கோடி மீன் விற்று அந்த வீட்டைக் கட்டியவள். அவள் புருஷன் காத்தவராயன் 1966இல் கட்டுமரத்தில் போனவன், திரும்பவில்லை. பிணமும் ஒதுங்காததால் அவள் தாலியைக் கழற்றவில்லை. கடல் மூஞ்சியில் விழிக்கக் கூடாது என்றுதான் தோப்புக்குப் பின்னால் மனை தேடினாள். அந்தத் திங்கட்கிழமை குழம்பில் உப்புத் தண்ணீர் தெறித்தபோது ஜன்னலைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினாள். மறுநாளே சுப்பிரமணி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணாத்த, உன் கடலு என் வூட்டாண்ட வந்துகினு கீது. எங்க கையெழுத்து போடணும் சொல்லு, போட்டுர்றேன். எனக்கு வாணாம் அந்த சனியன்."

அப்போதே சரி என்றிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. மீன்காரி தன் கடலைத் தனக்கே தானம் கொடுக்க வந்திருக்கிறாள் என்று பட்டது. "சட்டப்படி எப்படி வாங்கணும்னு எனக்குத் தெரியும்மா" என்று கதவைச் சாத்தினார்.

பிறகு மனுவுக்கு மேல் மனு. ஒரு சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தார், தனக்கோடி வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தார், சட்டையில் பட்ட நுரையைத் துடைத்துக்கொண்டு 'கடல் பத்திரப்படி உள்ளது' என்று எழுதினார், அவள் வறுத்துக் கொடுத்த சங்கரா மீனைத் தின்றுவிட்டுப் போனார். சுப்பிரமணியின் மனைவி வசுமதியோ மத்தியானமானால் தனக்கோடி வீட்டுக்குப் போய்விடுவாள். காற்று வாங்க என்பாள். அவள் புடவையில் உப்பு வாசனை அடிக்கும். அந்த வாசனைக்கே சுப்பிரமணி இரண்டு நாள் அவளோடு பேச மாட்டார். இப்படி நாலு வருஷம் பொறாமையில் மனுஷர் பாதியாக இளைத்தார்.

1978 மாசியில் வீம்பு தேய்ந்துபோய், பிழைதிருத்தல் பத்திரம் ஒன்றைத் தானே எழுதிக்கொண்டு தனக்கோடி வீட்டுப் படியேறினார். அவள் அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் ஜன்னலுக்கு நேராக ஒரு முக்காலியைப் போட்டாள்.

"அதோ, அந்தக் கோடியில பாரு. கருப்பா இன்னாமோ கீது, தெரியிதா?"

தெரிந்தது. கடுகு அளவு.

"மூணு வருசமா பாத்துகினு கீறேன். மொதல்ல அதுகூட இல்ல. கட்டுமரம் அண்ணாத்த. மேல ஆளு நிக்கிது. குட்த்த வாக்க மாத்த மாட்டேன், உனக்குக் கையெழுத்து உண்டு. அது கரைக்கு வந்து சேர்ற வரைக்கும் மட்டும் பொறுத்துக்க."

சுப்பிரமணிக்குக் கோபம்தான் வந்தது. கடல் போதாதென்று அதில் ஒரு ஆள் வேறா இவளுக்கு? ஆனாலும் மறுநாள் சாயங்காலம், எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்கப் போனார். அதற்கு மறுநாளும் போனார். சித்திரையில் துடுப்பு தெரிந்தது, ஐப்பசியில் தலைப்பாகை தெரிந்தது. மழை பெய்த நாட்களில் குடை பிடித்துக்கொண்டு போய், "இன்னிக்கு நகர்ந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, வசுமதிக்கும் தனக்கோடிக்கும் நடுவில் முக்காலியில் உட்கார்ந்து கருவாட்டு வாசனையோடு டீ குடித்தார். அந்த வருஷம் அவர் ஒரு மனுவும் எழுதவில்லை.

1979 தை மாதம் ஒரு பகலில் கட்டுமரம் தனக்கோடி வீட்டுச் சுவரில் இடித்து நின்றது. காத்தவராயன் ஜன்னல் வழியாக இறங்கினான், தரையெல்லாம் ஈரம். வயது ஒரு நாளும் ஏறவில்லை. "இன்னாடி, வூட்ட மாத்திட்ட, சொல்லவேயில்ல" என்றான். தனக்கோடி அவனை ஒரு அறை அறைந்துவிட்டு, பிறகு சோறு போட்டாள்.

வாக்கு வாக்குதான். அடுத்த வெள்ளிக்கிழமை, ராகுகாலம் பார்க்காமல் போய்க் கையெழுத்துப் போட்டாள். கடலுக்கு வழி பழகியிருந்ததால் இந்த முறை அன்று சாயங்காலமே சுப்பிரமணி ஜன்னலுக்கு வந்துவிட்டது. சொந்தக்காரர்களும் வந்தார்கள், கொடுத்து வைத்தவன் என்றார்கள், போனார்கள்.

எல்லோரும் போன பிறகு சுப்பிரமணி தன் ஜன்னலோரம் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கடலின் கோடியில் கண்ணை ஓட்டினார். ஒன்றும் இல்லை. மறுநாளும் பார்த்தார். தனக்கு வர வேண்டியவர் என்று யாரும் கடலில் போகவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வசுமதி வழக்கம்போலத் தனக்கோடி வீட்டுக்குப் போயிருந்தாள். தோப்பைத் தாண்டி மூன்று பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பி வந்ததும், அந்த ஜன்னலில் இப்போது என்ன தெரிகிறது என்று விசாரித்தார்.

"சவுக்குதாங்க. நல்லா நெழலா கீது."

சுப்பிரமணிக்கு மறுபடி வயிறு எரிய ஆரம்பித்தது. கடலைத் திறந்தபடி விட்டுவிட்டு, மேஜை இழுப்பறையில் மனு எழுதும் காகிதத்தைத் தேடினார்.