ஜன்னல் பக்கத்துப் பாய்

தையல்கார அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவே சொல்லும். அந்த வாயால்தான் இந்தத் தடவை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

அவள் தம்பி நாலு மாதமாக ஜெயிலில் இருக்கிறான். கொலையா, கொள்ளையா? ஒரு மண்ணும் இல்லை. ஒரு வாரமாகத் தண்ணீர் வரவில்லை என்று ரோட்டை மறித்த கூட்டத்தில் முன்னால் நின்றான், அவ்வளவுதான். கேஸ் இன்னும் விசாரணைக்கே வரவில்லை. அதற்குள் ஊரெல்லாம் தொற்றுக் காய்ச்சல். முப்பது பேர் படுக்கிற அறையில் தொண்ணூறு பேரை அடைத்து வைத்திருக்கிறார்கள். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிளைப்பு வேறு.

வக்கீலம்மா கோர்ட்டில் மல்லுக்கு நின்று, தண்டனை ஆகாதவர்களை வீட்டுக்கு அனுப்ப உத்தரவு வாங்கிவிட்டார். ஒரே நிபந்தனை: போலீஸ் வந்து பார்த்து, நோய் இல்லாத வீடு என்று எழுதித் தர வேண்டும்.

அக்கா பம்பரமாகச் சுழன்றாள். தையல் மெஷினைச் சமையலறைக்குத் தள்ளிவிட்டு, ஜன்னல் பக்கம் தம்பிக்குப் பாய் விரித்தாள். புதுச் சோப்பு, துவைத்த துண்டு எல்லாம் தயார். அந்த நேரம் பார்த்தா அவள் வீட்டுக்காரர் இரண்டு தடவை இருமித் தொலைக்க வேண்டும்!

"மிளகாய் வறுத்த நெடிடி," என்று மனுஷன் தலைதலையாக அடித்துக்கொண்டார். கேட்டால்தானே? "தம்பி வர்ற வீடு, எதுக்கும் பாத்துடுவோம்," என்று அவளே சுகாதார ஆபீசுக்குப் போன் போட்டாள்.

ஒரு மணி நேரத்தில் ஆள் வந்து மூக்கில் குச்சி விட்டு எடுத்தான். போகும்போது கதவில் சிவப்பு நோட்டீஸ் ஒட்டினான். பதினாலு நாள் யாரும் உள்ளே வரக்கூடாது, வெளியே போகக்கூடாது. மூன்றாம் நாளே நோய் இல்லை என்று ரிசல்ட் வந்தது. ஆனால் பதினாலு என்றால் பதினாலுதானாம்.

ஐந்தாம் நாள் வந்த போலீஸ்காரர் தெருவிலேயே நின்றுவிட்டார். அக்கா ஜன்னல் வழியாக ரிசல்ட் காகிதத்தை ஆட்டினாள்.

"நல்லா பாருங்க சார், நோய் இல்லைன்னு போட்டிருக்கு!"

"நோட்டீஸ் ஒட்டியிருக்கேம்மா. நான் அதைத்தான் எழுத முடியும்."

"அங்க தொண்ணூறு பேர் இருமிட்டிருக்காங்க. இங்க ஒரே ஒருத்தர், அதுவும் அன்னிக்கே நின்னு போச்சு. எது சார் நோய் வீடு?"

"நீங்க சொல்றது நியாயம்தான்," என்றார் அவர். நியாயமாம், நியாயம்! பாரத்தில் 'தகுதியில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

வேறு வீட்டு முகவரி கொடுக்கலாமா என்று வக்கீலம்மாவைக் கேட்டாள். "அதுக்கு உங்க தம்பி கையெழுத்து வேணும்மா. காய்ச்சலைச் சொல்லி என்னையே உள்ள விடமாட்டேங்கறாங்க. அதுக்கும் ஒரு மனு போட்டிருக்கேன்," என்றார். அவர் குரலும் களைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெயிலிலிருந்து மூன்று நிமிடப் போன் வந்தது.

"என்னாச்சுக்கா? எல்லார் பேரையும் படிச்சாங்க, என் பேர் மட்டும் வரலையே."

"வந்துடும்டா," என்றாள் அக்கா.

"பரவால்லக்கா. மாமாவுக்கு இருமல்னு வார்டர் சொன்னாரே, நீங்க பத்திரமா இருங்க." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் அவனுக்கு மூச்சு வாங்கியது. போனை வைத்துவிட்டு, என்னைச் செருப்பால அடிக்கணும் என்று அவள் ஓவென்று அழுதாள்.

பதினாலாம் நாள் நோட்டீஸைச் சுரண்டி எடுத்தார்கள். மறுநாள் காலையிலேயே அதே போலீஸ்காரர் வந்தார். இந்தத் தடவை உள்ளேயே வந்து பாயைப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து மூடினார், பாரத்தில் 'தகுதி' என்று எழுதினார். எழுதி முடித்தும் கிளம்பவில்லை.

"வீடு சரியா இருக்கும்மா. ஆனா தம்பிக்கு முந்தாநாள்லேர்ந்து காய்ச்சல். காய்ச்சல் இருக்கறவங்களை வெளிய விடக்கூடாதுன்னு உத்தரவு."

"ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்களா?"

"இல்ல, அங்கேயே தனி ரூம்ல வெச்சிருக்காங்க. அந்த ரூம்ல இப்ப நாப்பது பேர்."

அக்கா பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த ரூம்ல ஜன்னல் இருக்கா சார்?"

"தெரியலம்மா," என்றார் அவர்.