கரைய மறுத்த ரத்தம்

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளுக்கு மணியக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல. ரத்தக் குழாயைக் கையில் வாங்கியதுமே "எத்தனை மணிக்கு எடுத்தீங்க?" என்று கேட்டுக் கேட்டு நர்சுகளிடம் வாங்கிய பெயர்.

கேட்பதற்குக் காரணம் இருந்தது. கிருமித்தொற்று முற்றிய நோயாளிகளுக்கு உடம்புக்குள் ரத்தம் கண்ட இடத்தில் உறையும். உறைந்ததைக் கரைக்கும் சக்தி பலருக்கு அடங்கிப்போய்விடும். எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று அளப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி வேலை. சின்னக் கிண்ணத்தில் ரத்தத்தை விட்டு, உறையவைக்கும் மருந்தும் கரைக்கும் மருந்தும் துளித்துளி சேர்த்தால், கருவி திரையில் கோடு போடும். உறைந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து விரியும், கரைந்தால் சுருங்கும். எடுத்து நாலு மணி நேரம் தாண்டிய ரத்தம் உதவாது.

இரண்டு மாதத்தில் ஒன்பது குழாய்கள் குப்பைக்குப் போயிருந்தன. குளிரக் கூடாத ரத்தம், ஒன்று ஐஸில் புதைந்து வந்தது. ஒன்றில் பாதிதான் ரத்தம். நர்சுகளுக்கு மூச்சுவிட நேரமில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் மணி கேட்பதை அவள் விடவில்லை.

அன்று காலை ஆறாம் படுக்கைக்கு ஒரு பஸ் டிரைவர் வந்தார். காலில் பட்ட சின்னக் காயம் சீழ் பிடித்து, மூன்றே நாளில் ஆளைச் சாய்த்திருந்தது. ஆராய்ச்சிக்குச் சம்மதம் என்று அவர் மனைவி கையெழுத்துப் போட்டதும் அவளே போய் ரத்தம் எடுத்து வந்தாள். கோடு விரிந்தது. பிறகு சுருங்கவே இல்லை. ஒரு மணி நேரம் தண்டவாளம் மாதிரி நேராக ஓடிற்று. மறுபடி வைத்தாள். அதேதான்.

பெரிய டாக்டரிடம் கொண்டுபோனாள். அவர் நின்றபடியே பார்த்துவிட்டு, மிஷின் மக்கர் பண்ணுகிறது, ரிப்பேர்காரரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார். போன வாரமும் இதையேதான் சொன்னார்.

அவளுக்குச் சுருக்கென்றது. நேரே சிஸ்டரிடம் போய்ச் சட்டைக்கையைச் சுருட்டிக் கையை நீட்டினாள்.

"உங்களுக்கு என்னக்கா உடம்புக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதைக் காட்டத்தான் எடுக்கச் சொல்றேன்."

அதே கருவி, அதே மருந்து. அவளுடைய ரத்தம் இருபத்திரண்டு நிமிடத்தில் கரைந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்டரின் முன்னால், இரண்டு கோடுகளையும் அச்செடுத்த தாள்களை வைத்தாள்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"மிஷின் சரிதான். இப்ப நான் என்ன செய்யணும்? கரைக்கிற மருந்தை ஏத்தினா மூளையில ரத்தம் கசியலாம். ஏத்தாட்டி இப்படியே கிடப்பார். நடுவுல எங்க நிக்கிறதுன்னு உங்க கோடு சொல்லுதா?"

"சொல்லலை டாக்டர். இன்னும் நூறு பேரைப் பார்த்தாத்தான் சொல்லும். அதுக்குத்தான் நாயா அலையறேன்."

டாக்டர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய் டிரைவரின் பாதங்களை விளக்கடித்துப் பார்த்தார். ரத்தம் ஓடாமல் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. மருந்தில் எதையும் மாற்றவில்லை. காயத்தை மறுபடி திறந்து மிச்சச் சீழை எடுக்க அன்று மதியமே ஏற்பாடு செய்தார்.

டிரைவர் பிழைத்தார். மூன்று கால்விரல்கள் போயின. வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் மனைவி, அந்த டெஸ்டால்தான் இவர் பிழைத்தாரா என்று மணியக்காவிடம் கேட்டாள். ஆமாம் என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது.

"தெரியலைங்க. அது மருந்து இல்ல, அளவு பார்க்கிறது மட்டும்தான். அடுத்து வர்றவங்களுக்கு உதவலாம்."

"அடுத்து வர்றவங்க எங்களுக்கு என்ன உறவு?"

கோபமாகக் கேட்கவில்லை, களைத்துப்போய்க் கேட்டாள். மணியக்கா குனிந்து, டிரைவரின் கட்டுப் போட்ட காலுக்குப் பெரிய செருப்பை மாட்டிவிட அந்த அம்மாளுக்குக் கைகொடுத்தாள். கட்டுக்கு மேல் செருப்பு ஏறுவேனா என்றது.