ரொக்கோவின் பதினைந்து கூடைகள்

"கூடையா? என்ன கூடைக்கா?" என்று ஒர்த்தேன்சியா கேட்டபோது ரொக்கோவின் மனைவி ரக்கேலே சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"பீச் பழந்தான். வருஷா வருஷம் முதல் பறிப்பை ரொக்கோ உங்க வீட்டுக்கு அனுப்புவாரே. உன் வீட்டுக்காரர் லாரியிலதானே வரும்?"

"ஒத்தப் பழங்கூட வந்ததில்லையே. அவருக்கு அதைத் தொட்டாலே உடம்பெல்லாம் அரிக்கும்பாரு."

ரக்கேலே தக்காளியை அங்கேயே போட்டுவிட்டு நடந்தாள். பதினைந்து வருஷம், பதினைந்து கூடை. அதெல்லாம் நன்றிக்குக் கொடுத்தது. வடக்கே தொழிற்சாலைகள் பக்கமிருந்து ஒர்த்தேன்சியாவின் புருஷன் சபாத்தினோ லாரி லாரியாக உரம் கொண்டுவந்து ரொக்கோவின் தோட்டத்தில் இலவசமாகக் கொட்டினான். நேப்பிள்ஸ் பக்கத்து விவசாயிக்கு எவன் சும்மா உரம் கொடுப்பான்? ரொக்கோ அவனைச் சாமியாகவே நினைத்தான். கால்வாய்க்கரை மரங்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்தபோது வெயிலைத்தான் திட்டினான். பிப்ரவரியில் ரத்தம் கெட்டுச் செத்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் வீட்டில் சர்க்கரைப்பாகில் போட்டு வைத்திருந்த தன் பழத்தில் ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்றுவிட்டுத்தான் கண்ணை மூடினான்.

மே மாதம் பட்ட மரம் ஒன்றை அவள் தோண்டினாள். வேரோடு நீலக்கறுப்பாகச் சேறு வந்தது. பெயின்ட் கடை நாற்றம். கண் எரிந்து இரண்டு நாள் திறக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் குழியை மூடிவிட்டு, எதுவும் தெரியாதவள் போலச் சபாத்தினோவிடம் போய், "அது என்ன உரம்ண்ணே?" என்று கேட்டாள். அவன் கழுத்துப் பதக்கத்தைத் தொட்டுக்கொண்டான். "நான் வண்டி ஓட்டுறவன் தங்கச்சி. உரம்னு ஏத்துனாங்க, உரம்னு இறக்குனேன். எனக்கென்ன தெரியும்?"

அந்தப் பதில்தான் அவளைத் தூங்கவிடவில்லை. தெரியாமல் செய்தவன் என்றால் அவனும் தன்னைப்போல ஏமாந்தவன். தெரிந்து செய்தவன் என்றால்? எது என்று தெரியாமல் மனசுக்குள் இருந்த வெறுப்பு உட்கார இடமில்லாமல் மாதக்கணக்கில் அலைந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடையோடு அவன் வீட்டுக்குப் போனாள். திராட்சைக் கொடிப் பந்தலடியில் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். ஒர்த்தேன்சியாவின் தம்பி நுன்சியோ இடுப்பு வாரைத் தளர்த்திவிட்டுச் சாய்ந்திருந்தான்.

"ரொக்கோ மரத்துப் பழம். கால்வாய்க்கரை வரிசையில மிச்சமிருந்தது" என்று கூடையை மேஜைமேல் வைத்தாள்.

"வாக்கா. வயித்துல இடமில்லைன்னு இப்பத்தான் சொன்னேன். பொய்யாக்கிட்டே" என்று நுன்சியோ கத்தியை எடுத்தான். ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு பீச்சை நறுக்கிச் சிவப்பு ஒயினில் போட்டு ஊறவைத்துத் தின்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

"அங்கிட்டு வை. ராத்திரி பாத்துக்கலாம்" என்றான் சபாத்தினோ.

"உங்களுக்கு அரிக்கும்னா நாங்க எல்லாரும் பட்டினியா மச்சான்?"

நுன்சியோ சிரித்துக்கொண்டே நறுக்கிப் போட்டான். ஒர்த்தேன்சியா ஊறும்வரை பொறுக்காமல் முள்கரண்டியால் ஒரு துண்டைக் குத்தி எடுத்தாள். ரக்கேலே அவளைப் பார்க்கவில்லை. சபாத்தினோவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டு உதட்டுக்குப் போகுமுன் அந்தக் கை பாய்ந்து தட்டிவிட்டது. ஒயின் சாய்ந்து மேஜை விரிப்பெல்லாம் ஓடியது.

"புழு இருந்துச்சு" என்றான்.

"புழுவா? அந்த உரம் போட்ட மரத்துல புழுவே அண்டாதுன்னு நீங்கதானே சொன்னீங்கண்ணே." ரக்கேலேயின் குரல் உயரவில்லை. "பயப்படாதீங்க. இது மலைப்பக்கத்துல வாங்குன பழம். எங்க மரத்துல இப்ப என்ன இருக்கு? எல்லாத்தையும் அவரு தின்னு முடிச்சுட்டுத்தான் போனாரு. உரம்னு சொல்லித் தொழிற்சாலைக் கழிவைக் கொட்டியிருக்குன்னு நான் தோண்டிப் பாத்துட்டேன். நீங்க தோண்டாமலே தெரிஞ்சு வச்சிருந்தீங்க."

நுன்சியோ வாரை இறுக்கிக்கொண்டான். ஒர்த்தேன்சியா புருஷனையே பார்த்தாள்.

"அந்தக் கூடையெல்லாம் எங்க கொட்டுனே?"

அவன் கை கழுத்துப் பதக்கத்துக்குப் போனது.

"நம்ம பிள்ளைங்க வாயில படாம பாத்துக்கிட்டே. வருஷா வருஷம் உனக்குக் கட்டி அனுப்புன அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்லியிருந்தா ஏத்திவிட்டவனுங்க என் சோலியை முடிச்சிருப்பானுங்க" என்று முனகினான்.

இவ்வளவு தெரிந்தபின் வெறுப்பு தணியும் என்று ரக்கேலே நினைத்திருந்தாள். தணியவில்லை. இடம் கிடைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அவளும் யாரும் சொல்லாமலே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

ஒர்த்தேன்சியா வேறொரு பழத்தை எடுத்தாள். தோல் சீவாமல் நறுக்கிப் புதுக் கோப்பையில் போட்டாள். விளிம்பு வரை ஒயின் ஊற்றி அவன் முன்னால் தள்ளினாள்.

"தின்னு. நல்ல பழந்தான்."

நல்ல பழம் என்று அவனுக்கும் தெரியும். கை மேஜைமேல்தான் இருந்தது, எழவில்லை. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனிப்பு வாசனைக்கு ஒரு குளவி வந்து கோப்பை விளிம்பில் இறங்கியது. சுற்றி ஒருமுறை நடந்தது. நின்று, பழத்தின் பக்கம் குனிந்தது.